ஜனவரியில் ஒழுகும் சீலிங்

ரொறொன்ரோவில் ஒரு கிழமை கடுங்குளிர் அடித்துவிட்டு, திடீரென்று ஒருநாள் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறினால் எங்கள் போனுக்கு ஓய்வில்லை. "தம்பி, கூரை ஒழுகுது." மழை பெய்திராது. ஷிங்கிள் போடுகிறவர் ஏற்கெனவே வந்து, கூரையில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் சொன்னதும் சரிதான். குளித்தது, சோறு வடித்தது, உடுப்புக் காயவைத்தது எல்லாவற்றின் ஈரமும் மேலே போய்க் கூரைப் பலகையின் அடியில் உறைபனியாக ஒட்டியிருந்து, வெயில் கண்டதும் உருகி இறங்குகிறது.

வீட்டுக்குக் குளிர் ஏறாமல் பஞ்சு போடும் இன்சுலேஷன் வேலையில் இருப்பதால், இப்படியான அற்றிக்குகளுக்குள், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளிக்குள், அடிக்கடி தவழ வேண்டியிருக்கிறது. ஏறியதும் நான் தேடுவது வயர்களை, ஈரத்தடுப்பு கிழிவது பெரும்பாலும் அவை நுழையும் இடத்தில்தான். வீட்டு ஈரம் மேலே போகாமல் சீலிங் பலகைக்கு மேலே விரித்திருக்கும் அந்தத் தடுப்பு, வேப்பர் பரியர், வெறும் 0.15 மில்லிமீற்றர் பொலித்தீன்தான். ஆனால் அது கிழியாத வரைக்கும் வேலை செய்யும். 21 பாகையும் 40 வீத ஈரப்பதனும் உள்ள வீட்டுக் காற்று 7 பாகைக்குக் குளிர்ந்தாலே நீர் விடத் தொடங்கும். மறை 15இல் கிடக்கும் பலகையில் பட்டால் கேட்கவே வேண்டாம். சூடான காற்று மேலேறிச் சீலிங்கைத்தான் அழுத்தும் என்பதால், மற்ற இடங்களைவிட அங்குள்ள ஓட்டைதான் மோசம். வட அமெரிக்காவில் இத்தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 4க்கு 8 அடி ஜிப்சம் பலகையினூடாக ஒரு குளிர்காலம் முழுக்க ஊடுருவும் ஈரம் குவார்ட்டில் மூன்றிலொன்று. அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் காற்றோடு போவது 30 குவார்ட், ஏறக்குறைய 28 லீற்றர்.

ஸ்காபரோவில் ஒரு அண்ணையின் வீடு. முந்திய கோடையில் ஒரு எலக்ரீசியனைப் பிடித்து ஹோலுக்கும் குசினிக்கும் சீலிங்குக்குள் பதிக்கும் பொட்லைற் போட்டிருந்தார். கீழே நின்று பார்த்தால் வடிவான வேலை. மேலே இன்சுலேஷன் பஞ்சை விலக்கினால், ஒவ்வொரு லைற்றுக்கும் பொலித்தீனைக் கத்தியால் கீறி வயரை இழுத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். சுவரின் மேற்கட்டையில் ஒரே துளைக்குள்ளால் நாலைந்து வயர்கள். அதை அடைக்க மேலே அடித்த ஒரு கட்டி மஞ்சள் ஃபோம், விரலால் தட்டக் கழன்று வந்தது. துளையைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு கறுத்துப்போயிருந்தது. காற்று போகும் இடத்தில் பஞ்சு தூசியை வடிகட்டிக் கறுக்கும். அதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

"கெட்டிக்காரன் எண்டு சொல்லித்தான் பிடிச்சனான்" என்றார் அண்ணை. வயரிங்கில் அந்த எலக்ரீசியன் கெட்டிக்காரர்தான், ஒரு இணைப்பிலும் குறை காண முடியவில்லை. மின்வேலையைப் பரிசோதிக்க வருகிறவரும் மின்னைத்தான் பார்ப்பார். பொலித்தீன் யாருடைய பொறுப்பு என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் காட்டுவார்கள். கீறினவர் மூட வேண்டும் என்பது என் கட்சி.

ஃபோமை நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. மரத்தில் அது பிடிக்கும், பொலித்தீனில் சரியாகப் பிடிக்காது. சிலிக்கோனும் அப்படித்தான். அதற்கென்று இருப்பது அகூஸ்ரிக்கல் சீலன்ற் என்ற கறுப்புப் பசை. அது காய்ந்து இறுகாது, கையிலும் சேட்டிலும் பட்டால் போகவே போகாது. என் வேலைச் சேட்டுகளைப் பார்த்தாலே தொழில் தெரியும். தூசியைத் துடைத்து, கீறலைச் சுற்றிப் பசையை வைத்து, புதுப் பொலித்தீன் துண்டை வயரோடு அணைத்து அழுத்தி, விளிம்புக்குச் சிவப்பு டேப். கட்டாக நிற்கும் வயர்களைத்தான் பொறுமையாகப் பிரிக்க வேண்டும். வெளியே சுற்றிப் பூசினால், வயருக்கும் வயருக்கும் நடுவே உள்ள இடுக்கால் காற்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் இடையே பசை இறங்க வேண்டும். சோலார் வயருக்கு விட்ட குழாய் இருந்தால் அதன் உட்புறத்தையும் களிம்பால் அடைக்க வேண்டும். வெளியே அடைத்துவிட்டு உள்ளே மறந்துவிடுவார்கள்.

"சித்திரையிலை செய்யலாமே, இந்தக் குளிருக்குள்ளை என்னத்துக்கு?" என்று அண்ணை கேட்டார். கோடையில் அற்றிக் கொதிக்கும் என்பது ஒருபுறம். ஜனவரியில் எந்த ஓட்டைக்கு மேலே ஆணி முனைகளில் உறைபனி தடித்திருக்கிறது என்று டோர்ச் அடித்தே காணலாம், தேடிப் பஞ்சைக் கிளற வேண்டியதில்லை. அடுத்த நாளே வரச் சொன்னார்.