நோயில்லாத தொடை எலும்பை அளந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முதுகலை ஆய்வு செய்தேன். வலியோ நோயோ இல்லாத பெரியவர்களின் தொடை எலும்பு ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுபடுகிறது என்பதுதான் தலைப்பு. இதே மாதிரி ஆய்வில் இறங்க நினைக்கும் நம் பிள்ளைகள் சிலர் விவரம் கேட்டதால் எழுதுகிறேன்.

சாலை விபத்தில் தொடை எலும்பு முறிந்தால், எலும்புக்குள் நீளமான கம்பியைச் செலுத்திப் பொருத்துவார்கள். துண்டுகள் லேசாகத் திருகிய நிலையில் சேர்ந்துவிட்டால் பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பிவிடும். சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க முறியாத காலைத்தான் ஒப்பிடுவார்கள். இரண்டுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருகல் என்பது பொதுவான கணக்கு. ஆனால் விபத்தையே சந்திக்காதவருக்கும் இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த இயல்பான வித்தியாசம் எவ்வளவு என்று தெரியாமல் எதைத் திருகல் என்பது? என்னை இதில் இறக்கிவிட்டது அந்தக் கேள்விதான்.

நான் முக்கியமாக அளந்தது முன்திருப்பக் கோணம். தொடை எலும்பை மேசைமேல் மல்லாக்க வைத்தால், முழங்கால் பக்கத்து இரண்டு குமிழ்களும் மேசையைத் தொடும். மேலே, இடுப்பு மூட்டுக்குள் இருக்கும் உருண்டையான தலையைத் தண்டோடு இணைக்கும் கழுத்துப் பகுதி சற்று எழும்பி நிற்கும். அந்த எழும்பல்தான் கோணம். பிறந்த குழந்தைக்கு 30 முதல் 40 டிகிரி வரை இருக்கும். வளர வளரக் குறைந்து, பெரியவர்களுக்குச் சராசரி 10 முதல் 15 டிகிரியில் வந்து நிற்கும். ஆனால் நன்றாக நடமாடும் சிலருக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும், அதாவது கழுத்து பின்பக்கம் சாய்ந்திருக்கும், சிலருக்கு 30ஐத் தாண்டும்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முதல் கேள்வியே சி.டி. ஸ்கேன் பற்றியதுதான். நோயில்லாத ஒருவரின் இடுப்புக்குக் கதிர்வீச்சு கொடுக்க என்ன காரணம் இருக்கிறது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தக் கதிர்வீச்சு இல்லாத எம்.ஆர்.ஐ.க்கு மாறினோம். எலும்பின் விளிம்பு சி.டி.யில் இன்னும் கூர்மையாகத் தெரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்தக் கோணத்துக்கு எம்.ஆர்.ஐ. போதும். அப்புறம் இன்னொரு கேள்வி வந்தது: ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் அந்த நபரிடம் சொல்வீர்களா? அதை ஒப்புதல் படிவத்திலேயே தனிக் கேள்வியாகச் சேர்த்து, வேண்டும், வேண்டாம் என்று அவரவரே குறிக்கும்படி வைத்தோம்.

இந்த நாட்டில் மனித உடலை அளப்பது சாதாரண விஷயம் இல்லை. சாரா பார்ட்மன் என்ற, இந்த மண்ணின் பூர்வகுடியான கோய்கோய் இனத்துப் பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய்க் காட்சிப்பொருள் ஆக்கினார்கள். 1815இல் பாரிஸில் இறந்த பிறகும் அவரை விடவில்லை. அவருடைய எலும்புக்கூடு பல தலைமுறைகள் அருங்காட்சியகத்தில் நின்றது. 2002இல்தான் அவரை ஊருக்குக் கொண்டுவந்து ஹாங்கியில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிந்த 1950இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் எங்கள் தாத்தா பாட்டிகளை எந்தப் பெட்டியில் அடைத்தது என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் என் படிவத்தில் இனம் என்ற கட்டமே இல்லை. வயது, பால், உயரம், எடை, இவ்வளவுதான். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், உம்லாசி என்று டர்பனின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். படிவம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருந்தது. தமிழ் பேசும் பெரியவர்களுக்கு நானே பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்னேன். இதை அவசரமாகச் செய்து முடிக்கவே கூடாது.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகுமுன் தாலி, மூக்குத்தி, வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். அங்கே வந்த பிறகு தாலியைக் கழற்றச் சொன்னால் அம்மாக்களுக்குச் சங்கடம். அதனால் முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிடுவேன். சிலர் அன்றைக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் யாரும் மனம் நோகாமல் வேலை நடக்கும்.

ஸ்கேனின்போது பாதத்தை அசைக்காமல் வைப்பதுதான் பெரிய வேலை. முதலில் இடுப்பைப் படம் எடுத்து, பிறகு முழங்காலை எடுக்கிறோம். இடையில் கால் கொஞ்சம் திரும்பினாலும் இரண்டு படத்துக்கும் இடையே உள்ள கோணத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பாதங்களைப் பட்டையால் கட்டி, இருபுறமும் மெத்தை வைத்தோம். சந்தேகம் வந்தால் இடுப்பைத் திரும்ப ஒரு முறை எடுத்துவிடுவோம்.

படங்கள் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான உழைப்பு. கழுத்தின் நடுக்கோட்டை எங்கே போடுவது? எலும்பின் தலையின் மையத்தையும், கீழே தண்டின் உள்பக்கம் துருத்தி நிற்கும் சிறு முகட்டுக்கு அருகே தண்டின் மையத்தையும் சேர்ப்பது 1987இல் மர்ஃபி குழுவினர் சொன்ன முறை. கழுத்தின் மேல்பகுதியிலேயே கோடு போடும் முறைகளும் உண்டு. ஒரே எலும்பை இரண்டு விதமாக அளந்தால் 10 டிகிரி வரை வித்தியாசம் வந்துவிடும்! எந்த முறை என்று சொல்லாத கோணத்தை நான் இப்போது நம்புவதே இல்லை. நாங்கள் மர்ஃபி முறையை எடுத்துக்கொண்டோம்.

நானும் ஒரு ரேடியாலஜி மருத்துவரும் ஒருவர் அளந்ததை மற்றவர் பார்க்காமல் அளந்தோம். சில வாரம் கழித்து, பெயரும் பழைய எண்ணும் மறைத்து, அதே படங்களை மறுபடி அளந்தோம். இரண்டு பேர் அளவும் சேர்ந்தே ஏறி இறங்கினால் மட்டும் போதாது. ஒருவர் எப்போதும் 5 டிகிரி கூடுதலாக அளந்தாலும் அப்படித்தான் தெரியும். அதற்காகத்தான் 1986இல் பிளாண்ட், ஆல்ட்மன் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் எழுதிய முறையில், இரண்டு அளவுகளின் சராசரிக்கு எதிரே அவற்றின் வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டோம். எங்களுக்குள் எத்தனை டிகிரி மாறுகிறது என்று தெரிந்த பிறகுதான், இடது வலது கால்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பேச முடிந்தது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்டார்கள். ஃபீனிக்ஸிலிருந்து வந்த ஒரு அம்மா, "தம்பி, என் எலும்பு கோணலாப்பா?" என்றார். இல்லை அம்மா, உங்கள் கோணம் இது, நன்றாக நடக்கிறவர்களின் கோணம் இங்கிருந்து அங்கே வரை பரவியிருக்கிறது, நீங்கள் இந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்று கோட்டில் காட்டினேன். அவரவருக்குக் கொடுத்த தாளிலும் அப்படித்தான் அச்சிட்டோம். சரி, தவறு என்று ஒரு கட்டம் வைக்கவில்லை.

இதைச் செய்யப்போகிறவர்கள், எந்தப் படத்தில் எந்தப் புள்ளியில் கோடு போடுவீர்கள் என்பதை நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே படத்தோடு எழுதி வையுங்கள். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்தப் படங்களைச் சேர்த்திருக்கிறேன், வேறு ஊரில் இருப்பவரும் அதே இடத்தில் கோடு போட்டுப் பார்க்கலாம்.