இனித்துவிட்ட எஃப் மைனர்

ஹார்ப்சிகார்டை, அதாவது பியானோவுக்கு முந்தைய, தந்தியை மீட்டி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியத்தை, வேனில் ஏற்றிப் போய், கச்சேரி நடக்கும் இடத்தில் இறக்கி, சுருதி சேர்த்துக் கொடுத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது என் பிழைப்பு. இங்கிலாந்தில் தவக்காலம் வந்தால் எங்களுக்கு சீசன். அப்போது அடிக்கடி அழைப்பு வருவது இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் ‘ஸ்தாபாத் மாத்தெர்’ பாடலுக்குத்தான். சிலுவையடியில் நிற்கும் தாயைப் பற்றிய லத்தீன் பாட்டு. 1736இல் அதற்கு இசை எழுதி முடித்தார். அதே வருடம், 26 வயதில், நேப்பிள்ஸ் பக்கத்துப் பொட்சுவோலியில் காசநோயில் போய்ச் சேர்ந்தார்.

முதல் பகுதியின் தலையில் ‘கிராவே’ என்று போட்டிருக்கும். கனம் என்று பொருள். கனம் என்றால் மெதுவாக என்று எடுத்துக்கொண்டு பலர் இழுத்தே கொன்றுவிடுவார்கள். அடியில் செல்லோ நிற்காமல் சமமாக அடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு வயலின் ஒரு சுரத்தில் நிற்க, இன்னொன்று அடுத்த சுரத்தில் வந்து உரசும். நின்றது ஒரு படி இறங்கி வழிவிடும். உடனே அடுத்த உரசல். பிறகு இதையே பாடும் குரல்கள் இரண்டும், உச்சக் குரலான சோப்ரானோவும் தணிந்த ஆல்ட்டோவும், எடுத்துக்கொள்ளும். கீழே நடை தளர்ந்தால் மேலே இருப்பது வெறும் முனகல். இழவு ஊர்வலத்தில்கூட ஜனம் நடந்துதானே போகிறது?

சுருதி வேறு விஷயம். இந்தப் பகுதி எஃப் மைனர், எஃப்பை ஆதாரமாகக் கொண்ட சோகச் சாயல் சுரவரிசை. நம் ஊர்க் காதுக்குக் கீரவாணிச் சாயல் தெரியும். ஆனால் கீரவாணியை நாலு கட்டையில் பாடினாலும் ஆறு கட்டையில் பாடினாலும் அதே கீரவாணிதான். பழைய ஐரோப்பியக் கட்டை (கீபோர்டு) வாத்தியங்களில் அப்படி இல்லை. ஒரு சுரத்திலிருந்து அதன் பஞ்சமம், அதன் பஞ்சமம் என்று பன்னிரண்டு தாவு தாவினால் புறப்பட்ட இடத்துக்குச் சரியாக வந்து சேராது, கொஞ்சம் மிஞ்சும். மிச்சத்தை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் என் தொழிலின் பாதி. நான் வைப்பது வலோட்டி முறை. எஃப்பிலிருந்து பி வரை ஆறு பஞ்சமங்களைச் சற்றுக் குறுக்கி, மற்ற ஆறையும் சுத்தமாக விடுவது. விளைவு, சி மேஜர் இனிக்கும். அதிலிருந்து தள்ளிப் போகப் போகக் கரகரக்கும். டி மைனரின் மூன்றாம் சுர இடைவெளி 306 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) என்றால், எஃப் மைனரில் 294தான். சுத்தமானது 316. அந்த நெருக்கல்தான் துக்கம். சூபார்ட் என்ற ஜெர்மானியர் எஃப் மைனரைக் கல்லறைக்கு ஏங்கும் சுருதி என்று எழுதிவைத்தது வெறும் கவித்துவம் என்று நான் நினைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் லண்டனுக்கு வெளியே ஒரு தேவாலயம். போனில் சுருதி 440 என்றார்கள், அதாவது ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வு. குளிரில் விரல் விறைக்க 440இல் வலோட்டி வைத்து முடித்தேன். அப்புறம் வந்து இறங்கிய வயலின்காரர்கள் எல்லாரும் குடல் நரம்புத் தந்தி மாட்டிய பழைய பாணி, 415. ஒரு அரைச்சுரம் கீழே. பரவாயில்லை, என் வாத்தியத்தில் அதற்கு வழி உண்டு: ஓரத்து மரத்துண்டை உருவி, கட்டைகளை மொத்தமாக ஒரு தந்தி இடப்பக்கம் தள்ளி, துண்டை மறுபக்கம் செருகினால் தீர்ந்தது. செருகிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒத்திகையை நான்காவது பகுதியிலிருந்து தொடங்கினார்கள். மகனின் வேதனையைக் கண்டு தாய் நடுங்குகிறாள் என்பது வரி. மெட்டோ இ ஃபிளாட் மேஜரில் துள்ளுகிறது. இந்தப் பாடலே நகைச்சுவை ஓபரா மாதிரி இருக்கிறது என்று பாதிரியார் மார்த்தினி 18ஆம் நூற்றாண்டிலேயே முகம் சுளித்திருக்கிறார். எனக்கு அந்தத் துள்ளல் பிடிக்கும். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதல் பகுதிக்கு வந்தார்கள். பத்து தாள வட்டம் தாண்டியதும் செல்லோ வாசித்த பெண் வில்லைத் தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்றைக்கு ஏன் எல்லாம் தலைகீழாக இருக்கிறது?”

தலைகீழ்தான். கட்டையைத் தள்ளினால் சுருதி மட்டுமா நகரும், நான் ஒளித்து வைத்த மிச்சமும் கூடவே நகரும். எஃப் மைனர் அழுத்தினால் ஒலித்தது நான் இ மைனருக்கு வைத்த தந்திகள். 306, வெல்லமாக இனித்தது. அதன் எதிர்க்கரையான சி மேஜர், மூச்சு விட்டுக்கொள்ளும் இடம், அதன் மூன்றாம் சுர இடைவெளி (மேஜரில் இது பெரியது) 392 சென்டில் இளைப்பாற வேண்டியது. அது பி மேஜர் தந்திகளில் விழுந்து 408இல் உறுமியது. அழுகை இனிக்கிறது, ஆறுதல் குத்துகிறது. தள்ளிய பிறகு மறுபடி சேர்க்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். எனக்கு அது பதினோராவது வருடம்.

முப்பது நிமிட இடைவேளை கிடைத்தது. கட்டைக்கு ஒன்றாக இரண்டு வரிசைத் தந்திகள், சேர்த்து நூற்றுக்கும் மேல். நடக்கிற காரியமா? ஒரு வரிசையை மட்டும் சேர்த்தேன். இன்னொன்றை அணைத்துவிட்டு, அந்த நெம்புகோலைத் தொடவே கூடாது என்று வாசிப்பவரிடம் கெஞ்சினேன். வேர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

மாலையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். நடத்துநர் நல்ல நடை பிடித்தார், இழுக்கவில்லை. எஃப் மைனர் தன் முள்ளோடு வந்தது. சி மேஜரில் தோள் இறங்கியது. என் தோளைச் சொல்கிறேன். முடிந்ததும் அவர் வந்து, ஹார்ப்சிகார்டு வழக்கத்தைவிட மென்மையாக இருந்தது, ஒரு வரிசை மட்டும் போதும் என்று முடிவெடுத்தது நல்ல ரசனை என்று கைகுலுக்கினார். நன்றி சொல்லிவிட்டு வேனைப் பின்னால் எடுக்கப் போனேன்.