ஆடி மாதமும் ஒரு குட்டி ஹெலிகாப்டரும்

ஜூலை 14, திங்கள்

அம்மாவுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் புதன்கிழமை. டோக்கன் நம்பர் கூப்பிடும் வரை, ரிமோட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டர்களைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று வாங்கி ஓட்டக் கற்க வேண்டும்.

புதிதாகக் கற்பவருக்கு எது என்று கேட்டால் நிறையப் பேர் சொல்வது சைமா எஸ்107ஜி. கோஆக்சியல். ஒரே தண்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ரோட்டர்கள், அதாவது பிளேடு கோர்த்த விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஒன்று உடலைத் திருப்பப் பார்த்தால் மற்றது ஈடுகட்டிவிடும். அதனால் திருகு விசையைத் தடுக்க வாலில் தனியாக ரோட்டர் வேண்டியதில்லை. நம் கடற்படையிடம் இருக்கும் காமோவ் கா-31 கூட இந்த வகைதான். மேல் ரோட்டருக்குக் குறுக்கே, இரு நுனியிலும் எடை வைத்த ஃப்ளைபார் கம்பி. சுற்றும்போது அது தன் தளத்தை விட்டு லேசில் அசையாது. உடல் சாய்ந்தாலும் ரோட்டரை நிமிர்த்திவிடும்.

நல்லதுதான். ஆனால் சேனல் மூன்றே மூன்று. ஏற்றலாம் இறக்கலாம், திருப்பலாம், முன்னே பின்னே விடலாம். பக்கவாட்டில் நகர்த்த வழியே இல்லை. அதைக் கற்றுத்தராத ஹெலிகாப்டரை வாங்கி நான் என்ன செய்ய?

ஜூலை 15

அம்மா ஒரு இட்லியோடு எழுந்துவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நான் பார்த்துவைத்திருக்கும் ஹெலிகாப்டர்கள் எல்லாம் ஐம்பது கிராமைச் சுற்றி நிற்பவை. மாடியில் ஏறி நின்று பார்த்தேன். வேட்டி கொடியில் படபடவென்று அடித்துக்கொள்கிறது. வெளியே விடுவது இந்த மாதம் நடக்காது.

காற்று ஓய்ந்தாலும் இங்கே நடக்காது. திருச்சி கே.கே. நகரிலிருந்து விமான நிலையம் கூப்பிடு தூரம். 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நானோ வகை, அதைப் பறக்க விட உரிமம் வேண்டாம். ஆனால் இடம் வேறு கதை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை என்றால் 200 அடிக்குக் கீழே பச்சை மண்டலம், அனுமதி வேண்டாம். எட்டுக்குள் வந்துவிட்டால் அனுமதி இல்லாமல் எதுவும் ஏறக்கூடாது. தலைக்கு மேலே ஆட்களோடு விமானம் இறங்கும் ஊரில் அது சரியான விதிதான்.

ஆக, ஹாலுக்குள். சின்ன அறையில் ரோட்டர் கீழே தள்ளும் காற்று சுவரில் மோதித் திரும்பி வந்து மறுபடியும் ரோட்டருக்குள்ளேயே போகும், அதனால் ஓரமாக விட்டால் ஆட்டம் காணும். சோபாவை நகர்த்த வேண்டும். ஃபேனை நிறுத்த வேண்டும். அம்மாவுக்கு ஃபேன் இல்லாமல் ஆகாது.

ஜூலை 19, சனி

மெயின்கார்டு கேட் பக்கம், இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் சாமான் விற்கும் ஒரு கடை. கேட்டதும் அந்த அண்ணன் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு டபிள்யூஎல் டாய்ஸ் வி911எஸ் எடுத்தார். நாலு சேனல், ஒற்றை ரோட்டர், ஃப்ளைபார் கிடையாது.

"திராட்டில் தொடாதீங்க சார், இந்த ஸ்டிக்கை மட்டும் ஆட்டிப் பாருங்க."

திராட்டில் என்றால் ரோட்டரை வேகமாக்கி மேலே ஏற்றும் ஸ்டிக். அதை விட்டுவிட்டு மற்றதை ஆட்டினேன். ரோட்டருக்குக் கீழே தண்டைச் சுற்றி, சட்டைப் பொத்தான் அளவில், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள். அதுதான் ஸ்வாஷ் பிளேட். சர்வோ என்கிற இரண்டு குட்டி மோட்டார்கள் ஊசி போன்ற கம்பிகளால் கீழ் வளையத்தைத் தள்ள, அது வலப்பக்கம் சாய்ந்தது. கீழ் வளையம் சுற்றாது. மேல் வளையம் பிளேடுகளோடு சேர்ந்து சுற்றும், ஆனால் கீழ் வளையத்தின் சாய்வு அப்படியே அதற்கும் போய்விடும். அதனால் ஒவ்வொரு பிளேடும் ஒரு சுற்றுக்குள்ளேயே ஒரு பக்கம் கோணம் கூடி, மறுபக்கம் குறையும். அந்த வித்தியாசத்தில்தான் ஹெலிகாப்டர் சாய்ந்து நகர்கிறது. எத்தனையோ தடவை படித்தும் மண்டையில் ஏறாதது, அந்த வளையம் சாய்ந்ததைக் கண்ணால் பார்த்ததும் ஏறிவிட்டது. பெரிய ஹெலிகாப்டரில் இருக்கும் அதே ஏற்பாடு, விரல் நுனி அளவில்.

வாங்காமல் வந்தேன். அக்கா போன் செய்துகொண்டே இருந்தாள்.

ஜூலை 20, ஞாயிறு

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தாள். "அது விழுந்தா என்னடா உடையும்?"

இத்தனை வீடியோ பார்த்ததில் யாரும் முதல் கேள்வியாக இதைக் கேட்கவில்லை. உடைவது மெயின் பிளேடு, வால் குழாய், வால் மோட்டாருக்குப் போகும் முடி மாதிரி வயர், கீழே நிற்கும் கால், மெயின் கியரின் பல். கற்கும்போது இவை எல்லாமே உடையும். எந்த மாடலுக்கு இந்த ஐந்தும் இங்கேயே கிடைக்கிறதோ அதுதான் வாங்க வேண்டிய மாடல். மற்ற எல்லாப் பொருத்தமும் அதற்கு அப்புறம்தான்.

அதிலும் 2022 பிப்ரவரி 9 முதல் ட்ரோன்களை முழுதாகவோ பிரித்தோ இறக்குமதி செய்யத் தடை. உதிரிபாகத்துக்குத் தடை இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் சிபாரிசு செய்யும் மாடலைப் பார்த்து ஆசைப்படுவதை நிறுத்திவிட்டு, கடைக்காரர் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜூலை 22

ரிப்போர்ட் வரவில்லை. நாளை என்றார்கள். நேற்றும் அதைத்தான் சொன்னார்கள்.

ஜூலை 23, புதன்

தூக்கம் இல்லை. எக்ஸ்கே கே110 என்ற இன்னொரு ஹெலிகாப்டரைப் பற்றிய வீடியோக்களை இரண்டு மணி வரை பார்த்தேன். கலெக்டிவ் பிட்ச். வி911எஸ்ஸில் மேலே ஏற ரோட்டர் வேகத்தைக் கூட்ட வேண்டும். இதில் ரோட்டர் எப்போதும் வேகமாகவே சுற்றும், பிளேடுகளின் கோணம்தான் கூடிக் குறையும். அதனால் சொன்னதும் கேட்கும். கோணத்தை எதிர்ப்பக்கம் மாற்றினால் தலைகீழாகக்கூடப் பறக்கும். ஒரு சுவிட்சைத் தட்டினால் 6ஜி என்கிற முறை தானாகவே நிமிர்த்திக்கொள்ளும். புதியவரும் வாங்கலாம் என்கிறார்கள்.

மனம் அதன் பின்னாலேயே போகிறது. ஆனால் ஹாலில் சுவரில் மோதும் தருணத்தை நினைத்துப் பார்க்கிறேன். வேகமாகச் சுற்றும் ரோட்டரில் அத்தனை சக்தி இருக்கும்; பிளேடோடு போகாது, உள்ளே இருக்கும் தண்டு, சர்வோ கியர் வரை சேதம் போகும். சின்னதில் சக்தி குறைவு, திராட்டிலை விட்டால் பொத்தென்று விழுந்து கிடக்கும்.

இந்த வகையின் பெரிய அண்ணன்களை விளையாட்டாக நினைக்கவே கூடாது. 2013-ல் நியூயார்க் புரூக்ளினில் ஒரு பூங்காவில் பெரிய ரக ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்க விட்ட 19 வயதுப் பையன் அதன் பிளேடு பட்டே இறந்துபோனான். அவனுக்குப் பழக்கமும் இருந்திருக்கிறது. படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்தேன்.

கே110 இரண்டாவதாக வரட்டும்.

ஜூலை 26

டாக்டர் இன்னொரு சதைத் துண்டு எடுத்துப் பார்க்கணும் என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

இரவு வார்டில். அம்மா தூங்குகிறாள், சிஸ்டர் இப்போதுதான் பாட்டில் மாற்றிவிட்டுப் போனார்.

செவ்வாய் கிரகத்தில் நாசா பறக்க விட்ட இன்ஜெனுவிட்டியைப் பற்றிப் படித்தேன். அதுவும் கோஆக்சியல்தான். 1.8 கிலோ எடை, 1.2 மீட்டர் ரோட்டர். 2021 ஏப்ரல் 19-ல் முதலில் எழும்பியது. ஐந்து தடவை பறந்தால் போதும் என்று அனுப்பியது, 72 தடவை பறந்து, 2024 ஜனவரி 18-ல் பிளேடு உடைந்து நின்றது. நம் சிக்னல் அங்கே போய்ச் சேரவே பல நிமிடம் ஆகும், யாரும் இங்கிருந்து ஸ்டிக் பிடித்து ஓட்ட முடியாது. காற்றில் நிற்கும் வேலை முழுக்க அதன் கம்ப்யூட்டருடையது.

இப்போது வரும் உயரம் பிடிக்கும் மாடல்களைப் பற்றி அதோடு சேர்த்து யோசித்தேன். உள்ளே காற்றழுத்தம் அளக்கும் சென்சார் இருக்கும், கையை எடுத்தாலும் அதே உயரத்தில் நிற்கும். அக்கா பையனுக்கு என்றால் அதையே வாங்குவேன். எனக்கு வேண்டாம். இடது கட்டைவிரல் திராட்டிலை இம்மி இம்மியாகக் கூட்டிக் குறைத்து ஹோவரில், அதாவது காற்றில் ஒரே இடத்தில், நிறுத்தக் கற்பதுதான் முதல் பாடம். அந்தப் பாடத்தை மெஷினிடம் கொடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன?

செவ்வாயில் வேறு வழி இல்லை. எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்குப் போக முடியவில்லை என்று அம்மாவுக்கு முகமே இல்லை. அக்கா புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தாள், மஞ்சள் கயிறு கட்டிவிட்டாள். அம்மா ரெண்டு வாய் சாப்பிட்டாள். ரெண்டு வாய்!

சாயங்காலம் சிமுலேட்டர், கம்ப்யூட்டரிலேயே பறக்க விட்டுப் பழகுவது. வால் நம்மைப் பார்த்து இருந்தால் ஹோவர் நிற்கிறது. மூக்கு நம் பக்கம் திரும்பியதும் வலம் இடமாகிவிடுகிறது, கை தடுமாறி விழுகிறது. எந்தப் பக்கம் ரோட்டர் தாழ்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு என்று ஒருவர் எழுதியிருந்தார். தாழ்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி. செய்து பார்த்தேன், நின்றது. இதை நிஜ பிளேடை உடைக்காமல் கற்க முடிகிறதே, அதற்காகவே ஹெலிகாப்டருக்கு முன்னால் எல்லோரும் சிமுலேட்டர் வாங்க வேண்டும்.

முடிவு செய்தாயிற்று. வி911எஸ். மோட் 2, அதாவது திராட்டில் இடது கையில். சிமுலேட்டரிலும் அப்படியே பழகியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடைக்கு நேரில் போக நேரமில்லை, போனில் சொல்லிவிட்டேன். கூரியரில் அனுப்புகிறேன் என்றார். கூடவே உபரி மெயின் பிளேடு, மெயின் கியர், ஒரு முழு வால், மாற்று பேட்டரி. ஒரு சார்ஜுக்கு ஆறேழு நிமிடம் பறந்தாலே அதிகம்.

லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியைப் பற்றி மட்டும் பயம் விடவில்லை. நிறைந்தால் 4.2 வோல்ட், 3-க்குக் கீழே இறங்க விடக்கூடாது. பறக்க விடாத நாட்களில் 3.8-ல் வைக்க வேண்டும். உப்பினால் உடனே ஒதுக்கிவிட வேண்டும். சார்ஜ் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடக்கூடாது. இப்போதைய நிலைமையில் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, அதனால் வீட்டில் யாராவது கூடவே இருந்தால் மட்டும் சார்ஜ்.

ஆகஸ்ட் 6

அம்மா: "வந்துச்சாடா?" இல்லம்மா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கூரியர் திருச்சி வந்துவிட்டதாகக் காட்டுகிறது. டாக்டர் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், குடும்பத்தில் ஒருவர் மட்டும் வந்தால் போதும் என்றார்களாம். நான் போகிறேன். பார்சல் வந்தால் பெட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்கு, வெயிலில் வைக்காதே, பேட்டரியைத் தொடாதே என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.