டிஸ்க் போய்விட்டது என்றார்கள், டிரைவர்தான் இல்லை

விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பாதியில் நின்று, எங்கள் மடிக்கணினி ஓயாமல் மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. ‘ரீசெட்’ வசதியும் பிழைச் செய்தியோடு முடிந்துவிட்டதால், சுத்தமாக ஃபார்மட் செய்து புதிதாக நிறுவித் தரும்படி ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். மாலையில் போனபோது கடைக்காரர், “எஸ்எஸ்டி போயிடுச்சு சார், இன்ஸ்டால் பண்ணப் போனா டிரைவே காட்டல, புதுசுதான் போடணும்” என்றார். எஸ்எஸ்டி என்பது கோப்புகளும் விண்டோஸும் இருக்கும் டிஸ்க். அதோடு, விண்டோஸுக்கு ‘ஒரிஜினல் கீ’ வாங்கத் தனிச் செலவு ஆகும் என்றும் சொன்னார். பழைய கோப்புகளைப் பற்றிக் கேட்டதற்குக் கையை விரித்துவிட்டார். சோதனைக் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கணினியைத் திருப்பி வாங்கி வந்தேன்.

வீட்டில் பயாஸை (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புத் திரையை) திறந்து பார்த்தால், அந்த எஸ்எஸ்டி தன் பெயரோடும் சரியான கொள்ளளவோடும் அங்கே இருக்கிறது. அடுத்து, கணினியிலேயே உள்ள மீட்புத் திரைக்குப் போய்க் கட்டளைச் சாளரத்தைத் திறக்க முயன்றபோது, டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொன்னேன். “பிட்லாக்கர் கேட்டா ஒண்ணும் பண்ண முடியாது சார், ஃபார்மட்தான்” என்றார். பூட்டுத் தொங்குகிறது என்றால் கதவும் இருக்கத்தானே வேண்டும்? செத்துப்போன டிஸ்க் சாவி கேட்குமா என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிட்லாக்கரை நாங்கள் யாரும் இயக்கவில்லையே என்று முதலில் குழம்பினேன். மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்துத் தொடங்கிய பல கணினிகளில் இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. சாவியும் அந்தக் கணக்கிலேயே பதிவாகிறது. என் கணக்கில் தேடியதில் வேறொரு பழைய கணினியின் சாவிதான் கிடைத்தது. திரையில் காட்டும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகளைக் கணக்கில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பொருந்தாவிட்டால் 48 இலக்கத்தையும் தட்டிப் பார்ப்பது வீண். கணினி வாங்கிய அன்று தம்பியின் கணக்கில் நுழைந்தது நினைவுக்கு வர, அவனை அழைத்துக் கேட்டேன். சாவி அங்கேதான் இருந்தது. கடையில் சொன்னதைக் கேட்டிருந்தால் வீட்டுப் படங்கள் எல்லாம் அன்றோடு போயிருக்கும்.

விண்டோஸ் இயங்காத நிலையில் கோப்புகளை எடுக்க ஓர் எளிய வழி உண்டு. கட்டளைச் சாளரத்தில் நோட்பேடைத் திறந்து, அதன் ‘ஓப்பன்’ பெட்டியில் எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொன்னால், அங்கிருந்தே கோப்புறைகளை நகலெடுத்து வெளி டிரைவில் ஒட்டிவிடலாம். டிரைவ் எழுத்துகள் மட்டும் அங்கே மாறியிருக்கலாம். சி என்று நினைத்தது டி-யாக இருக்கும்.

நிறுவும் யுஎஸ்பியை மைக்ரோசாஃப்டின் சொந்தக் கருவியைக் கொண்டே தயாரித்தேன். அதில் தொல்லை ஏதும் இல்லை. ஆனால் நிறுவத் தொடங்கியதும் கடைக்காரர் பார்த்த அதே வெற்றுப் பட்டியல் எனக்கும் வந்தது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறைச் செயலி முதலான பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக அமைப்பின் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர், அதாவது விண்டோஸ் அந்த வன்பொருளை அடையாளம் காண உதவும் மென்பொருள், நிறுவும் யுஎஸ்பியில் இல்லாவிட்டால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் பட்டியலில் வராது. கணினியின் சொந்த மீட்புத் திரையில் தயாரிப்பாளர் அந்த டிரைவரை முன்பே சேர்த்திருந்ததால்தான் அங்கே மட்டும் டிஸ்க் தெரிந்திருக்கிறது. பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவதும் ஒரு வழிதான் என்றாலும், எங்கள் கணினியில் அந்தத் தேர்வையே காணோம். அது இருந்தாலும், கோப்புகளை எடுக்கும் முன் அணைத்தால் பழைய விண்டோஸ் திறக்காமல் போகக்கூடும்.

தயாரிப்பாளரின் தளத்தில், கணினியின் அடியில் அச்சிட்டுள்ள எண்ணைக் கொடுத்து, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கினேன். அது இஎக்ஸ்இ கோப்பாக வரும். அப்படியே யுஎஸ்பியில் போட்டால் பயனில்லை. அதைப் பிரித்து, உள்ளே ஐஎன்எஃப் (டிரைவர் விவரக்) கோப்பு இருக்கும் கோப்புறையை முழுதாக யுஎஸ்பியில் வைத்து, ‘லோட் டிரைவர்’ வழியாக அதைக் காட்ட வேண்டும். காட்டிய மறுகணம் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து நின்றது. கடைக்காரரை அழைத்துச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

பகிர்வுகளை (டிஸ்கின் சி, டி போன்ற பிரிவுகளை) அழிக்கும் முன், நகலெடுத்த வெளி டிரைவைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். ‘டிரைவ் 0’ என்பது நாம் நினைக்கும் டிஸ்க்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எஸ்எஸ்டியில் தவறாக அழித்ததை மீட்பு மென்பொருள் கொண்டு வந்து தரும் என்று நம்புவதற்கும் இடமில்லை. சி-யும் டி-யும் ஒரே டிஸ்கின் பகிர்வுகள் என்றால், எல்லாவற்றையும் அழிக்கும்போது டி-யும் சேர்ந்தே போகும்.

நிறுவி முடிந்ததும் விண்டோஸ் 11 இணையத்தைக் கேட்டு நின்றது. வைஃபை டிரைவர் வரவில்லை. கைபேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் ‘டெதரிங்’ போட்டதும் வழி கிடைத்தது. கடையில் தனிச் செலவு என்று சொன்ன ‘கீ’யை வாங்கும் தேவையே எழவில்லை: கணினியோடு வந்த ஹோம் பதிப்பின் உரிமம் பயாஸிலேயே பதிந்திருக்கிறது, இணையம் கிடைத்தவுடன் விண்டோஸ் தானாகச் செயலாக்கம் பெற்றது. ஹோம் உரிமம் உள்ள கணினியில் ப்ரோவை நிறுவினால் இது நடக்காது.

தமிழில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும்; ஆவணங்களை மட்டும் நகலெடுத்தால் எழுத்துரு கூட வராது. அதனால் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்தே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பழைய மனுக்களை நான் மறுபடியும் படிக்க முடிந்தது, நோட்பேடு வழியாக அதையும் எடுத்திருந்ததால்தான்.