சுங்கை சிப்புட் அம்மனுக்கு ஒரு முழம் பூ

ஆடி வெள்ளிக்கு மாரியம்மனைப் பார்க்க மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட் போயிருந்தேன். ஈப்போவிலிருந்து வடக்கே காரில் அரை மணி நேரம்தான். கூட்டம் நெரித்தாலும் அம்மன் குறை வைக்கவில்லை. மஞ்சள் காப்பில் கண்ணாரப் பார்த்தேன். ஆனால் சன்னதியில் நின்றதைவிடப் பூக்கடையில் நின்றதுதான் அதிகம்.

மாலை கட்டிக்கொண்டிருந்த பாட்டி ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். "தோட்டத்துல ஏது தம்பி பூக்கடை? சாமிக்குப் போடுற பூவை யாராச்சும் காசு குடுத்து வாங்குவாங்களா?" என்றார். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் வாசல்தோறும் செம்பருத்தி, அரளி, நந்தியாவட்டை என்று ஏதாவது ஒரு செடி நிற்குமாம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, அப்படியே பால்மரம் சீவப் போகிறவர்களுக்குக் காலையில் ஏது நேரம்? சாயங்காலம் பிள்ளைகள் பறித்து வர, பெண்கள் கொல்லை வாழையில் நார் கிழித்துக் கட்டுவார்கள். யார் வீட்டுச் சரம் அம்மனுக்கு முதலில் ஏறுவது என்று சண்டைகூட வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கும் காலம் வந்தது. இந்த ஊர்க்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டம் வாங்கியது அதனால்தான். அதையும் மீறிப் பலர் வெளியேறினார்கள். ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனை வந்ததும் ஆள் தேவையும் குறைந்தது. தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு வாசலெல்லாம் சிமெண்டுத் தரை. பூ கட்டத் தெரிந்த கை இருந்தது, செடி வைக்க மண் இல்லை. இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் பூக்கடை பெருகியது அதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது சாமந்தி கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்குகிறது. மல்லிகை தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில், மொட்டாகவே ஐஸ் பெட்டியில் வருகிறது. வழியில் சூடு பட்டு மலர்ந்துவிட்டால் சரத்துக்கு ஆகாது. 2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கோயில்களும் மூடின, வெளிநாட்டுப் பூவும் நின்றது. கேமரனில் விற்க வழியில்லாமல் பூவைக் குப்பையில் கொட்டினார்கள். "அப்ப என்ன செஞ்சீங்க பாட்டி?" என்றேன். "வீட்டுல தொட்டியில இருந்த அரளியைப் பறிச்சு அம்மன் படத்துக்குப் போட்டேன், வேறென்ன" என்றார்.

பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் மாலையும் தொங்கியது. வாடாதுதான், எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. துளசியும் மரிக்கொழுந்தும் சேர்த்த கதம்பம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

ஆடி வெள்ளியில் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். நான் திரும்பி வரும்போது மல்லிகைக் கூடை காலி. பெரிய மாலை வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டுமாம்.