கடனைக் கடனால் பெருக்கினால்

அன்று அந்தப் பையனுக்கு நான் சொன்ன பதில் இன்னும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

ஏழாம் வகுப்பு, முழுக்களின் பெருக்கல். கி.பி. 628-லேயே இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் வைத்து விதிகள் எழுதிவிட்டார். கொடுக்கல் வாங்கலில் பேர்போன செட்டிநாட்டில் பாடம் நடத்த இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பேரேட்டையும் எடுத்துப்போயிருந்தேன். பற்று, வரவு என்று பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். கூட்டல் கழித்தல் எல்லாம் அழகாகப் போனது.

அப்புறம், "கடனைக் கடனால் பெருக்கினால் தனம்" என்றேன்.

"வட்டிக்கு வட்டி போட்டா கடன் ஏறத்தானே சார் செய்யும்? எப்படி வரவாகும்?"

யாரும் சிரிக்கவில்லை. வட்டி என்றால் என்னவென்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"பிரம்மகுப்தரே சொல்லியிருக்கார் தம்பி, எழுதிக்க" என்றேன். எழுதிக்கொண்டான்.

மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது, பாடத்தை முடிக்க வேண்டும், அதெல்லாம் உண்மை. ஆனால் அதே பிரம்மகுப்தர் சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்றும் சொன்னவர், அதை இன்று யாரும் ஏற்பதில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தே அவர் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் வாயை அடைத்தேன். இங்கிலாந்தில் பிரான்சிஸ் மசேர்ஸ் என்பவர் 1758-இல் குறை எண்களை எதிர்த்து ஒரு புத்தகமே எழுதினார். ஆயிரத்து நூறு வருடம் கழித்தும் பெரியவர்களுக்கே உறுத்திய விஷயம்! அதைச் சொல்லியிருந்தால் அவன் கேள்விக்கு ஒரு மரியாதை கிடைத்திருக்கும். வரலாறு என்று நான் கொண்டுபோனதில் விடைகள்தான் இருந்தன, சந்தேகங்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

கையில் இருந்த பேரேட்டிலேயே ஒரு பற்று வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருந்தார்கள். ஐந்து ரூபாய்க் கடன் மூன்றை அப்படி அடித்துவிட்டால் பதினைந்து ரூபாய் மிச்சம், குறை மூன்றைக் குறை ஐந்தால் பெருக்குவது அதுதான் என்று காட்டியிருக்கலாம். ஆனால் அதுவும் கடனைக் கடனால் பெருக்குவது ஆகாதே, கடனை நீக்குவதுதானே? அவன் விட்டிருக்க மாட்டான்.

பருவத் தேர்வில் அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன். அதன் பிறகு வகுப்பில் அவன் கேள்வி எதுவும் கேட்டதாக நினைவில்லை.