காற்றின் கண்

நுவரெலியாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் பழைய லயக் காம்பராக்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீட்டு அறைகளில், யன்னல் என்பது பெரும்பாலும் பலகையடித்த ஒரு சிறு திறப்புத்தான்; சாத்தி வைத்தாலும் இடுக்கு வழியே குளிர்காற்று நுழைந்துவிடும். ஆங்கில 'விண்டோ'வின் வேரிலும் அந்தக் காற்றே இருக்கிறது. வைக்கிங்குகள் பேசிய ஸ்கண்டிநேவிய மொழியான பழைய நோர்ஸில் 'விண்ட்ர்' என்றால் காற்று, 'அவுகா' என்றால் கண்; இரண்டும் இணைந்த 'விண்டவுகா', வைக்கிங் குடியேறிகளோடு இங்கிலாந்து சென்று, 13ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்தில் நிலைபெற்று, 'கண்துளை' எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லைக் காலப்போக்கில் வழக்கொழியச் செய்தது.

என்னை மிகவும் வியக்கவைப்பது யன்னலைக் குறிக்கும் நமது 'காலதர்' என்ற பழஞ்சொல். கால் என்பது காற்று, அதர் என்பது வழி. சிலப்பதிகாரமோ அதை 'மான்கண் காலதர்' என மானின் கண்ணோடு சேர்த்தே பேசுகிறது. இலங்கையில் நாம் வழங்கும் 'யன்னல்', கதவைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்த போர்த்துக்கேய 'ஜனேலா'.